எல்லையோரக் கல்லறைகள்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை பாலராமபுரத்தைக் கடந்து, நெய்யாற்றின்கரையை அடைந்து, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களின் வழியே களியக்காவிளைக்கு வந்து சேர்கிறது. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. ஆனால் ஆறோ மலையோ அவ்விடத்தில் இரு நாடுகளையும் பிரித்து நிற்கவில்லை. இந்தப் பக்கம் தென்னையும் மரச்சீனியும் ரப்பர்த் தோட்டமும்; அந்தப் பக்கமும் அவையே. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. மண்ணின் நிறம் மாறுவதில்லை. இந்த எல்லை 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இவ்வூர்கள் யாவும் முதலில் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியிலும், 1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்திலும் ஒன்றாகவே இருந்தன.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுள் பலர் இவ்வழியே விடுமுறைக்கு ஊர் திரும்புகின்றனர். பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி வரும் ஐலண்டு விரைவு வண்டி நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்துதான் நாகர்கோவிலை அடைகிறது. ஊர் வந்தபின் பத்மநாபபுரம் அரண்மனையைக் காண்கிறோம். குமரிமுனையில் கதிரவன் உதயத்தைக் காண்கிறோம். திற்பரப்பு அருவியில் நீராடுகிறோம். கல்லறைத் தோட்டத்தைக் காண்பதற்கென்று எவரும் போவதில்லை. நெருங்கிய உறவினர் துஞ்சும் இடத்திற்கு மட்டும் சென்று, மெழுகுவத்தி ஏற்றி, திரும்பி விடுகிறோம். அக்கம்பக்கத்துக் கற்களில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அந்தக் கற்களில் இப்பகுதியின் வரலாற்றில் வேறெங்கும் எழுதப்படாத ஒரு பகுதி இருக்கிறது என்பதையே இங்குச் சொல்ல விழைகிறோம்.

பழமையை அறியக் கோயிற் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் உதவுகின்றன. இவ்வட்டாரத்திலும் அவற்றுக்குக் குறைவில்லை. முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தின் செப்பேடு 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் காலத்தது. ஆனால் இத்தகைய ஆவணங்கள் யாரைப் பற்றிப் பேசுகின்றன? நிலம் கொடுத்தவர், நிலம் பெற்றவர், சான்றாக நின்றவர் ஆகியோரைப் பற்றி. அந்நிலத்தை உழுதவன் பெயர் அவற்றில் வருவதில்லை; பனையேறியவன் பெயரும், தறி நெய்தவன் பெயரும் வருவதில்லை. அத்தகையோரின் பெயர் இந்நாட்டில் முதன்முதலாக எப்போது, எங்கே எழுதப்பட்டது என்று தேடினால், பல குடும்பங்களுக்கு விடை ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் பின்புறத்தில்தான் கிடைக்கும்.

இறந்தாரைப் போற்றும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தாழிகளை நேயர்கள் அறிவர். போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுப்பதில் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. எனினும் அது வீரனுக்கு உரிய சிறப்பு. நெய்யாற்றின்கரைச் சீமையில் சாதாரணக் குடும்பங்கள் இறந்தோரைத் தம் புரையிடத்தின் தென்புறத்திலேயே எரிப்பதோ புதைப்பதோ வழக்கம். எரித்த இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை நடுவது உண்டு. மரம் வளரும், காய்க்கும், இரண்டு தலைமுறை சென்றபின் அது யாருக்காக நட்ட மரம் என்று சொல்ல ஆளிராது. துர்மரணம் எய்தியவர்கள் மட்டும் மாடனாகவும் யட்சியாகவும் பீடம் பெற்று, வில்லுப்பாட்டில் வாழ்ந்தனர். சுடுகாட்டுத் தெய்வமாகிய சுடலைமாடனுக்கு நெல்லைச் சீமையில் இருப்பது போலவே இங்கும் வழிபாடு உண்டு. ஆனால் படுக்கையில் அமைதியாக இறந்த ஓர் ஏழைக்குத் தெய்வமாகும் வாய்ப்பும் இல்லை, பெயரும் இல்லை.

இந்நிலையில்தான் இலண்டன் மிஷன் சங்கத்தார் தென் திருவிதாங்கூருக்கு வந்தனர். 1806-ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே என்னும் பிரஷ்ய நாட்டவர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நுழைந்தார். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் அவரை அழைத்து வந்தார். மயிலாடியில் 1809-இல் ஆலயம் எழுந்தது. 1816-இல் உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே இந்நாட்டை விட்டுக் கப்பலேறினார். அதன்பின் அவர் என்ன ஆனார், எங்கே இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. இத்தனை கல்லறைத் தோட்டங்களுக்கு வித்திட்டவருக்கு ஒரு கல்லறை இல்லை. மயிலாடியோ, கல்தச்சர்களுக்குப் பேர்போன ஊர்!

மிஷன் பணி மேற்கே பரவி, 1840-களில் பாறசாலை ஒரு தனி நிலையமாயிற்று. அங்கே நெடுங்காலம் பணிபுரிந்தவர் ஜான் ஆப்ஸ். திருவிதாங்கூரில் தாம் கழித்த 22 ஆண்டுகளின் அனுபவத்தை அவர் 1870-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அவருக்குப் பின் பாறசாலைக்கு வந்தவர் சாமுவேல் மட்டீர். திருவிதாங்கூர் மக்களின் வாழ்வைப் பற்றி அவர் எழுதிய இரு நூல்கள் இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன. சமயம் பரப்புவோரின் கண்ணோடு எழுதியவர்கள் என்பதை மறவாமல் அந்நூல்களைப் படிக்க வேண்டும். ஆயினும் அக்காலத்துப் புலையரும் சாம்பவரும் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை அறிய அவற்றை விட்டால் வேறு சான்று அரிது.

அவர்கள் அடிமைகள். உவமையாகச் சொல்லவில்லை, விற்கவும் வாங்கவும் அடகு வைக்கவும் உரிய உடைமைகளாகவே அவர்கள் இருந்தனர். 1855-ஆம் ஆண்டில்தான் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை முற்றாக ஒழித்து விளம்பரம் செய்தது. நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு நடந்த நெடும்போராட்டம் 1859-ஆம் ஆண்டின் அரச விளம்பரத்தில் ஒரு கட்டத்தை எட்டியது. ஆடை அணிவதற்கே இத்தனை போராட்டம் என்றால், கல்லில் பெயர் பொறிப்பது எத்துணைப் பெரிய செயல் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஓர் அடிமைக்குப் பெயர் இருந்தாலும் அது கூப்பிடும் பெயரே. எழுதும் பெயர் அன்று. ஆகவே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு கல்லில், ‘இன்னாருடைய மகன் இன்னார், இன்ன ஆண்டு பிறந்து இன்ன ஆண்டு மறைந்தார்’ என்னும் மூன்று வரிகளைக் காணும்போது, அது எளிய கல் என்று ஒதுக்கிவிட வேண்டா. கோயிற் கல்வெட்டில் ஒருபோதும் இடம் பெறாத ஒரு குடும்பம் தன்னை எழுதிக்கொண்ட முதல் ஆவணமாக அது இருக்கக்கூடும்.

இதே நிலத்தில் கிறிஸ்தவத்தின் துணையின்றி எழுந்தவரும் உண்டு. விழிஞ்ஞம் கடற்கரைக்கு அருகிலுள்ள வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, தம் இனத்தார் நடக்கக் கூடாது என்று விலக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் 1893-ஆம் ஆண்டு வில்வண்டி ஏறிச் சென்றார். பள்ளியில் தம் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்பதற்காக வயலில் வேலைநிறுத்தம் நடத்தினார். 1937-இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கே வந்து அவரைக் கண்டார். 1941-இல் மறைந்த அவருடைய நினைவிடம் அவ்வூரிலேயே இருக்கிறது. நெய்யாற்றின்கரைப் பகுதிக்குச் செல்வோர் அதனைக் காணாமல் திரும்புதல் தகாது.

இனி, கற்களின் மொழியைப் பார்ப்போம். நேயர்களுக்கு இதில்தான் ஆர்வம் மிகுதியாக இருக்கும்.

1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில், தமிழ் வழங்கும் எல்லையைக் குறிக்கும் கால்டுவெல், மலைத் தொடரின் மேற்கே குமரிமுனையிலிருந்து திருவனந்தபுரத்தின் அண்மை வரையில் அது பேசப்படுவதாக எழுதினார். நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் இந்த எல்லைக்குள் அடங்கும். மிஷனார் நாகர்கோவிலில் 1820-களிலேயே அச்சகம் நிறுவி, தமிழில் நூல்களை வெளியிட்டனர். ஆகவே தெற்கிலிருந்து பாறசாலைக்கு வந்த உபதேசியார்களின் கையில் இருந்தது தமிழ் வேதாகமமும் தமிழ் ஞானப்பாட்டும். நெய்யாற்றுக்கு வடக்கே போகப் போக மலையாளமே வழங்கியது. நடுவில் இருந்த சிற்றூர்களில் மக்கள் இரண்டையும் அறிந்திருந்தனர். இரண்டும் கலந்த ஒரு பேச்சையும் பேசினர். இன்றும் பேசுகின்றனர். விளவங்கோட்டுத் தமிழைக் கேட்டு மதுரைக்காரர் மலையாளம் என்பார். பாறசாலை மலையாளத்தைக் கேட்டுக் கோட்டயத்துக்காரர் தமிழ் என்பார்.

கல்லறைக் கற்கள் இந்த வரலாற்றின் வழியே வளர்ந்தவை. தமிழில் வேதம் ஓதிய பாட்டனுக்குத் தமிழில் கல். மலையாளப் பள்ளியில் படித்த மகனுக்கு மலையாளத்தில் கல். பேரனுக்கு ஆங்கிலமும் மலையாளமும் கலந்து பளபளக்கும் கருங்கல். ஒரு குடும்பத்தின் கற்களை வரிசையாகப் படித்தால் ஒரு நூற்றாண்டின் மொழி வரலாறு அடியெடுத்து நடப்பதைக் காணலாம். இதில் ஒரு நயமும் உண்டு. பழைய கற்களில் ‘ஜனனம்’, ‘மரணம்’ என்ற இரு சொற்கள் அடிக்கடி வருவன. அவை தமிழ்க் கல்லிலும் அதே சொற்கள்தாம். மலையாளக் கல்லிலும் அதே சொற்கள்தாம். எழுத்து வேறாயினும் ஒலி ஒன்று. பின்னாளில் தமிழ்ப் பற்று மிகுந்தபோது நம் பக்கத்தில் ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று எழுதத் தொடங்கினோம். நல்ல தமிழ்தான், ஐயமில்லை. ஆனால் அந்நாள் முதல் ஒரு பக்கத்துக் கல் மறுபக்கத்தாருக்குச் சற்றே அயலாயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய கல்லைப் படிப்பதற்குச் சிறிது பயிற்சி தேவை. முதல் தடை ஆண்டுக் கணக்கு. இப்பகுதியில் நெடுங்காலம் வழங்கியது கொல்லம் ஆண்டு. அது கி.பி. 825-இல் தொடங்குவது. தெற்கே ஆவணி முதல் நாளும், வடக்கே மலபாரில் கன்னி முதல் நாளும் ஆண்டுப் பிறப்பு. ஆகவே, கொல்லம் ஆண்டு எண்ணோடு, ஆவணி முதல் மார்கழி நடு வரை ஆயின் 824-ஐயும், அதன் பிறகு ஆடி முடியும் வரை ஆயின் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். திருவிதாங்கூர் முழுவதும் முதியோர் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று சொல்லிவந்த பெருவெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். அது கொல்லம் 1099, ஆடி மாதம். 825-ஐக் கூட்டினால் 1924. அவ்வாண்டு ஜூலையில்தான் அவ்வெள்ளம் வந்தது. அதே 1099-ஆம் ஆண்டு ஆவணியில் ஒருவர் இறந்திருந்தால் அவர் 1923-இல் இறந்தவர், வெள்ளத்தைக் காணாதவர். இந்த ஓர் ஆண்டு வேறுபாட்டால் குடும்ப வரலாறுகளில் நேரும் குழப்பம் கொஞ்சமன்று. மாதப் பெயரும் இரு வகையில் வரும். கர்க்கடகம் என்றால் ஆடி. சிங்ஙம் என்றால் ஆவணி. துலாம் என்றால் ஐப்பசி. மேடம் என்றால் சித்திரை.

இரண்டாவது தடை எழுத்து. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவத்திலும் எழுதப்பட்டன. அறுபது வயதைக் கடந்த நேயர்கள் இவற்றைப் பள்ளியில் எழுதியே பழகியவர்கள், இளையோர் திகைப்பர். சில கற்களில் தமிழ் எண்களும் வரலாம். பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறிகள் உண்டென்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மலையாள எழுத்தும் 1971-இல் சீர்திருத்தம் பெற்றது. ஆகவே மலையாளம் கற்ற பிள்ளைகளுக்கும் தம் பாட்டனாரின் கல் எளிதில் பிடிபடுவதில்லை. எல்லைக்கு இருபுறமும் ஒரே வருத்தம்.

பாறசாலைப் பக்கத்தில் வருத்தம் இன்னும் ஒரு படி மிகுதி. அங்கே பிள்ளைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கற்கின்றனர். பாட்டனின் தமிழ்க் கல் பேரனுக்கு வெறும் கோடுகள். படிக்க முடியாத கல்லைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் எங்ஙனம் தோன்றும்? கல்லறையைப் புதுப்பிக்கும்போது பழைய கல் பெயர்க்கப்படுகிறது. அதன்மேல் ஓடு பதிக்கப்படுகிறது. புதிய பலகையில் புதிய மொழி. இது பகைமையால் நிகழ்வதன்று, அன்பினால் நிகழ்வது. பாட்டனுக்கு நல்ல கல்லறை வேண்டும் என்றுதான் பேரன் செலவு செய்கிறான். ஆயினும் ஓர் ஆவணம் அழிந்துபோகிறது.

1956-ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லாமல் இப்பகுதியைப் பற்றிப் பேச இயலாது. தமிழ் வழங்கும் வட்டங்களைச் சென்னை இராச்சியத்தோடு இணைக்க வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அது கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் பலர் உயிர் துறந்தனர். புதுக்கடையில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டு. இறுதியில், தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே இருந்த வட்ட எல்லையே மாநில எல்லையாயிற்று.

அந்த நாள் நவம்பர் 1. அடுத்த நாள் நவம்பர் 2. கத்தோலிக்க மக்கள் இறந்தோர் அனைவரையும் நினைக்கும் கல்லறைத் திருநாள் அது. பெண் கொடுத்ததும் கொண்டதும் இவ்வூர்களுக்கிடையேதான். களியக்காவிளைக்குத் தெற்கே பிறந்து வடக்கே வாழ்க்கைப்பட்டவளுக்குத் தாயும் தந்தையும் துஞ்சும் இடம் ஒரே இரவில் வேற்று மாநிலமாயிற்று. அரசியல் வரலாற்றில் அந்த முதல் நாளுக்கு ஏடு ஏடாக இடம் உண்டு. இரண்டாம் நாளை எவரும் எழுதி வைக்கவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பாறசாலைப் பக்கத்தில் தமிழ்க் கல் ஒன்றைக் கண்டால், ‘பார்த்தீர்களா, இது நம் நிலம்’ என்று சொல்லும் ஆசை நம்மவருள் சிலருக்கு எழுகிறது. அதுபோலவே குமரி மாவட்டத்தில் மலையாளக் கல்லைக் காட்டி அப்பக்கத்தார் சிலர் பேசுவதும் உண்டு. கல்லறை பட்டயம் அன்று. அங்கே கிடப்பவர் இரு மொழியும் பேசியவர். எந்த மாநிலம் என்ற கேள்வியே அறியாதவர். வேணாட்டுத் தலைவன் இரவிக்குட்டிப் பிள்ளை 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் பொருது மடிந்தான். அவனைப் பற்றிய கதைப்பாடல் தமிழும் மலையாளமும் கலந்த நடையில் இன்றும் கிடைக்கிறது. தமிழறிஞர் அதனைத் தமிழ்க் கதைப்பாடல் வரிசையில் வைக்கின்றனர். மலையாள அறிஞர் தம் தெக்கன் பாட்டு வரிசையில் வைக்கின்றனர். இருவரும் வைக்கட்டும், பாடல் இரட்டிப்பாகக் காக்கப்படும்.

எல்லையைக் கடந்து தெற்கே வந்தால் புகழ்பெற்ற கல்லறைகள் சில உள. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வந்து சற்று விலகினால் நட்டாலம். நீலகண்ட பிள்ளை என்னும் தேவசகாயம் பிள்ளை 1712-இல் பிறந்த ஊர் அது. அரண்மனைப் பணியாளராக இருந்த அவர் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். பல துன்பங்களுக்குப் பின் 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தினுள் அவருடைய கல்லறை இருக்கிறது. 2022-இல் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, உலகெங்கும் உள்ள செய்தித்தாள்கள் இந்தச் சிற்றூர்களின் பெயர்களை அச்சிட்டன.

தக்கலையில் பீர் முகம்மது அப்பா அடங்கியுள்ளார். தென்காசியில் பிறந்து இங்கு வந்து, தறி நெய்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் சூஃபி ஞானி. ஆண்டுதோறும் அவருடைய நினைவு நாளில் அவர் இயற்றிய ஞானப் புகழ்ச்சியை இரவு முழுவதும் ஓதுகின்றனர். கல்லில் பொறித்தது தேய்ந்துவிடும். ஆண்டுக்கு ஓர் இரவு ஆயிரம் நாவுகள் ஓதுவது தேயாது. தமிழ்நாட்டிலுள்ள நினைவிடங்களுள் இத்தகைய பேறு பெற்றது வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்து சிறிது தொலைவில், புலியூர்க்குறிச்சியில், நெடுஞ்சாலையை ஒட்டி உதயகிரிக் கோட்டை நிற்கிறது. உள்ளே மேற்கூரை இல்லாத ஒரு சிறு தேவாலயம். அதனுள் டி லனாயின் கல்லறை. அவர் ஆராஸ் என்னும் ஐரோப்பிய நகரத்தவர். டச்சுக் கும்பினியின் படைத்தலைவர். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்டார். தம்மை வென்ற மன்னரிடமே சேவகம் ஏற்று, அவருடைய படையை ஐரோப்பிய முறையில் பயிற்றினார். ‘பெரிய கப்பித்தான்’ என்று மக்கள் அவரை அழைத்தனர். தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்தவ சமயத்தை அறிமுகம் செய்தவரும் இவரே. 1777 ஜூன் முதல் நாள் இறந்தார். அவருடைய மனைவியும் மகனும் அங்கேயே அடங்கியுள்ளனர்.

டி லனாயின் கல்லில் லத்தீன் எழுத்தும் உண்டு, தமிழ் எழுத்தும் உண்டு. வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்கும் லத்தீன் வாசகம், ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்குப் பணிபுரிந்து, காயங்குளம் முதல் கொச்சி வரையில் இருந்த நாடுகளை அவருக்கு அடிமைப்படுத்தியவர் என்று புகழ்கிறது. அது ஐரோப்பியர் படிப்பதற்காக. தமிழ் எதற்காக? இவ்வூரார் படிப்பதற்காக. 1777-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் தலைமைத் தளபதிக்குக் கல் எழுப்பியவர்கள், பத்மநாபபுரத்தைச் சுற்றி வாழ்ந்தோர் எந்த எழுத்தைப் படிப்பர் என்று அறிந்தே அதனைப் பொறித்தனர். மொழிக்காக எவரும் வழக்காடாத காலத்தில் தற்செயலாகக் கிடைத்த இச்சான்று, பிற்காலத்து வாதங்கள் பலவற்றிலும் உறுதியானது. கல்லறை இன்று தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

டி லனாயின் கல்லுக்குக் காவல் உண்டு. பாறசாலை உபதேசியாரின் கல்லுக்கு இல்லை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்பார் சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905-இல் பெருநூலாக வெளியிட்டார். அரிய உழைப்பு. ஆனால் அதில் நிறைந்திருப்போர் ஐரோப்பியரே. நம் பாட்டன்மாரின் கற்களைத் தொகுக்க ஒரு காட்டன் பிறக்கவில்லை. இவ்வூர்களில் பழைய கல்லறைகள் வெட்டுக்கல்லால் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசியவை. எழுத்தும் சாந்திலேயே கீறப்பட்டது. இடவப்பாதி மழை ஒன்று, துலா மழை ஒன்று என ஆண்டுக்கு இருமுறை நனையும் நாட்டில் சாந்தின் எழுத்து எத்தனை நாள் நிற்கும்? இடநெருக்கடி மற்றொரு கேடு. நிலம் குறைவான பங்குகளில் பழைய குழியையே மீண்டும் திறந்து புதியவரை அடக்கம் செய்கின்றனர். முன்னவரின் பெயர் பதிவேட்டில் மட்டும் எஞ்சும், பதிவேடு எஞ்சினால்.

கல்லை நேரிற் சென்று படிக்க வேண்டியதன் தேவைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜி. யு. போப் தம் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று எழுதச் சொன்னார் என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். ஆக்ஸ்போர்டு நகரில், செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில், 1908-இல் மறைந்த அவருடைய கல் இருக்கிறது. அதில் அத்தகைய வாசகம் இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை நாட்டினர் என்ற செய்தியே இருக்கிறது. கட்டுக்கதையைவிட இந்த உண்மை நமக்குப் பெருமை தருவதன்றோ? கடல் கடந்து பணம் அனுப்பி ஒரு கல்லை நிறுத்திய தமிழர்களைப் பற்றி, கதையை நம்பியதால் நாம் கேள்விப்படாமலே இருந்துவிட்டோம்.

வெளிமாநில நேயர்கள் இதற்காகப் பாறசாலை வரையில் வர வேண்டும் என்பதும் இல்லை. கோலார் தங்கவயலில் 1880-களிலிருந்து சுரங்கத்தில் இறங்கிய தமிழர்கள் எத்தனை தலைமுறையினர்! சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. பிள்ளைகள் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறிப் பிழைக்கின்றனர். முன்னோர் அங்கேயே கிடக்கின்றனர். மும்பையிலும் செகந்தராபாதிலும் தமிழ் எழுத்துள்ள கற்கள் இருக்கும் இடங்களை அவ்வந்நகர நேயர்களே நம்மினும் நன்கறிவர்.

செல்வோர் அறிய வேண்டிய சில செய்திகள் உள. தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சிறந்த நேரம் காலை ஏழு மணி அல்லது மாலை ஐந்து மணி. சாய்ந்த வெயிலில் பள்ளம் நிழலாகி எழுத்து தெரியும். உச்சிவேளையில் ஒன்றும் தெரியாது. கல்லின்மேல் சுண்ணக்கட்டி தேய்க்க வேண்டா, அமிலம் ஊற்ற வேண்டா, எண்ணெய் பூச வேண்டா. சிறிது தண்ணீர் தெளித்து மென்மையான துணியால் துடைத்தால் போதும். கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்துக்கொள்ளலாம். கல்லில் உள்ளதை உள்ளபடி எழுதுக. பிழை இருந்தால் பிழையோடு எழுதுக. சபை அல்லது பங்கு அலுவலகத்தில் அடக்கப் பதிவேட்டைப் பார்க்க இசைவு கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நவம்பர் 2 மாலையில் சென்றால் ஊர் முழுவதும் அங்கேயே இருக்கும். எழுத்தே இல்லாத மண்மேடுகளில் யாராவது ஒரு மூதாட்டி மெழுகுவத்தி வைப்பதைக் காண்பீர்கள். அது யாருடையது என்று கேளுங்கள். அவர் தமிழில் சொன்னாலும் மலையாளத்தில் சொன்னாலும் அந்தப் பெயரை அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.